வீட்டுச் சாவி கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா?

அரசு கட்டும் ஏழைகளுக்கான வீடுகளில் சமத்துவம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டால், அதிகாரிகள் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு இத்தனை, மாற்றுத்திறனாளிகளுக்கு இத்தனை, பெண்கள் பெயரில் இத்தனை. பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அது சாவி கொடுக்கிற அன்றைக்கு மட்டும் எடுத்த கணக்கு என்கிறேன். குடிபோய் மூன்று வருஷம் ஆனபிறகு அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதில் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்த எவருக்கும் இது சொந்தப் பிரச்சினைதான். பீன்யா பக்கம் வந்து பாருங்கள். 1970களின் கடைசியில் உருவான தொழிற்பேட்டை, ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று என்பார்கள். லேத் பட்டறை, மோட்டார் பம்ப், கார்மெண்ட்ஸ் என்று ஆயிரக்கணக்கான யூனிட்கள். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். தருமபுரி, சேலம், ராய்ச்சூர், பீகார், ஒடிசா. வேலை சுலபமாகக் கிடைத்துவிடும். வீடுதான் கிடைக்காது. லக்கெரே, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால நகர் சந்துகளில் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி "எந்த ஊர்?" இரண்டாவது "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள், அப்பா பேரைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டு, சுற்றி வளைத்து வருவார்கள். :-) இதையெல்லாம் தாண்டினால் பத்து மாத அட்வான்ஸ்.

தனியார் வீட்டுக்காரரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்றே உச்ச நீதிமன்றம் 2005-ல் ஒரு பார்சி சங்கத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, "எனக்கு ஏன் இல்லை?" என்று உரிமையோடு கேட்கக்கூடிய ஒரே வீடு அரசு கட்டுகிற வீடுதான். அதனால்தான் அங்கே சமத்துவம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது, கர்நாடகத்தில் ஸ்லம் போர்டு 1975-ல் வந்தது. அதற்கு முன்னால் குடிசைவாசி என்றால் அப்புறப்படுத்த வேண்டிய ஆள், அவ்வளவுதான். 2015-ல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வீட்டைப் பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ தரவேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் முன்னுரிமை என்றும் எழுதி வைத்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் என்று எண்ணையே சொல்லிவிட்டது. குடித்துவிட்டு வந்து "வெளியே போடி" என்று கத்துகிற கணவனிடம், "ஹக்குபத்ரா என் பேர்ல இருக்கு, நீ போ" என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறதென்றால், அது சின்ன விஷயமா?

ஆனால்... பட்டியல் எல்லாம் சரியாக இருந்து, எல்லாரையும் ஒரே மூலையில் கொண்டுபோய்க் கொட்டினால்?

சென்னைக் கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-லிருந்து நகரத்தின் ஆற்றோரம், ரோட்டோரம் இருந்தவர்களை எல்லாம் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக இன்னும் 20 ஆயிரத்துக்கும் மேல். வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பழைய பள்ளிக்கூடம் போனது. முகவரியைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள், வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த புலம்பல் வருஷக்கணக்காகப் பத்திரிகைகளில் வந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தால் இதில் ஒரு குறையும் தெரியாது. 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அணியில் இருந்த கார்த்திகாவை ஊரே "கண்ணகி நகர் கார்த்திகா" என்று கொண்டாடியது. சந்தோஷம்தான். ஒரு முகவரி மரியாதை பெற ஒரு சின்னப் பெண் தங்கப்பதக்கம் வாங்கிவர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் சேர்ந்தே வந்தது.

இதற்கு நேர்மாறான யோசனையும் நம்மிடமே இருந்தது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம். நூறு வீட்டில் ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. எல்லாருக்கும் பொதுவான சமுதாயக் கூடம், பொதுவான சுடுகாடு. 200-க்கும் மேல் கட்டினார்கள். ஆட்சி மாறியபோதெல்லாம் கவனிப்பாரில்லாமல் போனது வேறு கதை. ஆனால் "யார் பக்கத்தில் யார்?" என்ற கேள்வியை வீடு கட்டும்போதே கேட்ட திட்டம் அது. கிராமத்தில் கேட்ட அந்தக் கேள்வியை நகரத்தில் ஏன் விட்டுவிட்டோம்?

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வீட்டுவசதிக் கழகம் 1989-லிருந்து ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. சிக்கலும் உண்டு. வரம்பு நிரம்பிய பிளாக்கில் சிறுபான்மையினர் வீட்டை விற்கப்போனால் வாங்கும் ஆள் குறைவு, விலையும் இறங்கும். இலவசமாகக் கிடைக்கும் சமத்துவம் எங்கேயும் இல்லை. ஆனால் அங்கே வரம்பு சாவி கொடுக்கும் நாளோடு முடிவதில்லை, கைமாறும்போதும் கணக்குப் பார்க்கிறார்கள்.

பெங்களூருக்கு வருவோம். ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கென்று கட்டிய குடியிருப்பு இடிந்து விழுந்தது, அங்கேயே தகரக் கொட்டகையில் கிடந்த குடும்பங்களை 2013 ஜனவரியில் மொத்தமாக வெளியேற்றினார்கள். நிறையப் பேர் தலித் குடும்பங்கள், தமிழ் பேசுபவர்களும் அதில் உண்டு. ஏழைக்கென்று ஒதுக்கிய நிலமே கைவிட்டுப் போகுமென்றால், ஒதுக்கீட்டுச் சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைவிடப் பெரிய ஓட்டை, பட்டியலிலேயே வராதவர்கள். பீன்யாவில் கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்ணின் ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, ஓட்டு ஊரில் இருக்கிறது. இந்த ஊர் வாரியத்துக்கு அவள் ஆளே இல்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே ஊர் போனதைப் பார்த்தபிறகுதான் தொழிலாளர்களுக்கான வாடகைக் குடியிருப்புத் திட்டம் டெல்லியில் பிறந்தது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024-ல் சிப்காட் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கு விடுதி திறந்தது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே! விடுதி வேறு வீடு வேறு, கல்யாணமானால் எங்கே போவாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருந்தாலும் இது சரியான திசை. பீன்யாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

என் கட்சி இதுதான். வாரியங்கள் வருஷா வருஷம் நாலு விஷயத்தை வெளியிட வேண்டும். ஒதுக்கிய வீட்டில் மூன்று வருஷம் கழித்தும் அதே குடும்பம் இருக்கிறதா? மாற்றுத்திறனாளிக்குத் தரைத்தளம் கிடைத்ததா, மேல் மாடி என்றால் லிஃப்ட் ஓடுகிறதா? வேலைக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோமீட்டர்? புகார் கொடுக்கப் போகிறவருக்குப் புரியும் மொழியில் பதில் சொல்ல ஆள் உண்டா? இங்கிலாந்தில் சமூக வீடுகளை வாடகைக்கு விடும்போது குடிவருபவரின் இனம், வயது, ஊனம் வரை பதிவுசெய்யும் ஏற்பாடு 1989-லிருந்து இருக்கிறது. நம்மால் முடியாதா என்ன?

மொழி பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் இருக்கிறோம், கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டியது நம் கடமை. அதே சமயம் இங்கே நமக்கு என்ன கேட்கிறோமோ, அதைத் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கும் ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். இங்கே அழுதுவிட்டு அங்கே விரட்டினால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்?

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கும் பலர் சென்னையிலோ கோவையிலோ ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பீர்கள். அரசை நாலு கேள்வி கேட்கச் சொன்னேன் அல்லவா? அடுத்த முறை வீடு கேட்டு ஒருவர் போன் செய்யும்போது, வாடகை தருவாரா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாரா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வி தொண்டைவரை வரும். விழுங்கிவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நின்றவர்கள்தானே நாமெல்லாம்.