அதிர்ஷ்டக் கண்

நமது தேசத்தில் எந்தப் பண்டத்துக்குப் பஞ்சம் வந்தாலும் அதிர்ஷ்டத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. பல்லி விழும் இடத்தைப் பொறுத்து ஓர் அதிர்ஷ்டம். காகம் கரையும் திசையைப் பொறுத்து ஓர் அதிர்ஷ்டம். தலையில் இரட்டைச் சுழி இருந்தால் அதற்கும் ஒரு பலன். இந்த ஜாபிதாவில் குழந்தைகளின் மாறுகண்ணும் சேர்ந்திருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் கருவிழி மூக்கை நோக்கித் திரும்பியிருப்பதைக் கண்டு தாயார் கவலைப்பட்டால், "அடி அசடே! மாறுகண் வீட்டுக்கு அதிர்ஷ்டம். வளர வளரத் தானே சரியாய்ப் போய்விடும்" என்று பாட்டி சமாதானம் சொல்லிவிடுகிறாள். பாட்டியின் அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. அவளுடைய வைத்தியத்தில்தான் சந்தேகம்.

பாட்டியின் வாக்கில் ஒரு பங்கு உண்மையும் உண்டு. பிறந்த சிசுவின் கண்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை சில சமயம் ஒன்றோடொன்று இணங்காமல் அலைவது சகஜம். இன்னும் சில குழந்தைகளுக்கு மூக்குத் தண்டின் மேற்பாகம் அகலமாயிருப்பதால், நேரான கண்ணும் உள்ளே திரும்பினாற்போல் தோன்றும். சிறு கைவிளக்கின் ஒளியைச் சற்றுத் தூரத்திலிருந்து காட்டினால், அந்த ஒளிப்புள்ளி இரண்டு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் தெரிகிறதா என்று பார்க்கலாம். ஒரே இடத்தில் தெரிந்தால் பெரும்பாலும் அது வெறும் தோற்றந்தான். ஆனால் நான்கு மாதம் கடந்த பிறகும் கண் திரும்பியே இருந்தால், அல்லது நேராயிருந்த கண் இரண்டு மூன்று வயதில் திடீரென்று உள்ளே திரும்பினால், அது தானே சரியாகும் என்று வீட்டில் தீர்மானிப்பது தகாது. கண்மணியில் வெள்ளை ஒளி தென்பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கண்ணுக்குள் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மாறுகண்ணும் அந்த வெள்ளை ஒளியுமே முதல் அடையாளங்களாயிருப்பது உண்டு.

கண் திரும்பியிருந்தால் முகத்தின் அழகுதானே குறையும், வேறென்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் முகத்தில் அல்ல, மூளையில். இரண்டு கண்களும் இரண்டு திசையைப் பார்த்தால் மூளைக்கு இரண்டு வெவ்வேறு காட்சிகள் போய்ச் சேருகின்றன. குழந்தையின் மூளை மகா சாமர்த்தியம் உள்ளது. திரும்பிய கண் அனுப்பும் காட்சியை அது தள்ளுபடி செய்துவிடுகிறது. வேலையில்லாத அந்தக் கண் நாளடைவில் பார்வையை இழக்கிறது. கண்ணில் ஒரு கோளாறும் இராது; பார்க்கும் பழக்கந்தான் போயிருக்கும். ஹ்யூபெல், வீஸல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-க்குப் பின் வந்த வருஷங்களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துப் பரிசோதனை செய்தார்கள். குட்டிப் பிராயத்தில் மூடிய கண்ணை மூளை மறந்துவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியதில் அவ்விதக் கெடுதல் நேரவில்லை. 1981-ல் நோபல் பரிசு பெற்ற அவர்களுடைய ஆராய்ச்சியின் சாரத்தைத் தாய்மார்கள் ஒரே வாக்கியத்தில் நினைவு வைத்துக்கொள்ளலாம்: பார்வைக்குப் பாடம் கற்கும் பருவம் ஒன்று உண்டு, அது குழந்தைப் பருவம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மாறுகண் என்று பெயர் ஒன்றாயிருந்தாலும் வியாதி ஒன்றல்ல. இரண்டு மூன்று வயதில் தோன்றும் உட்பார்வைக் கோணலுக்குப் பெரும்பாலும் காரணம் தூரப் பார்வை. அருகிலுள்ள பொருளைப் பார்க்கக் கண் முயலும்போது இரண்டு விழிகளும் உள்நோக்கித் திரும்புவது இயற்கை. தூரப் பார்வையுள்ள குழந்தை எதைப் பார்ப்பதற்கும் அந்த முயற்சியைச் செய்தாக வேண்டியிருப்பதால் விழி உள்ளே இழுக்கப்படுகிறது. ஹாலந்து தேசத்தில் யூட்ரெக்ட் நகரத்துப் பேராசிரியர் டான்டர்ஸ் 1864-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சம்பந்தத்தை விளக்கினார். பரிகாரம் மூக்குக் கண்ணாடி. தக்க கண்ணாடியை நாள் முழுவதும் அணிந்தால், இவ்வகைக் குழந்தைகளில் அநேகருக்குக் கத்தியே படாமல் கண் நேராகிவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றியதும் விழி மறுபடி திரும்பும். அதைக் கண்டு, "கண்ணாடி போட்டதால்தான் கண் கெட்டது" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடும் பெற்றோர் உண்டு. குடையை மடக்கியதும் நனைந்தால் குடைமேல் குற்றம் சொல்வார் உண்டோ?

கண்ணாடியால் பாதி நேராகி மீதி நிற்பதும் உண்டு. அந்த மீதிக்கு ரண சிகிச்சை தேவையாகலாம். கண்ணாடி அணியாமல் காலம் கடத்தினால், கண்ணாடியாலேயே தீர்ந்திருக்கக்கூடிய கோணலும் நிலைத்துவிடக் கூடும்.

அடுத்தது, சோர்ந்துபோன கண்ணுக்கு வேலை கொடுப்பது. நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்துவைத்தால் சோம்பேறிக் கண் பார்த்துத்தானே ஆகவேண்டும்? பிரெஞ்சு தேசத்துப் பூஃபோன் 1743-லேயே இந்த யோசனையைச் சொன்னார். கண்ணை மறைத்த குழந்தை அழும், பிடுங்கி எறியும், அப்பாவிடம் முறையிடும் என்பது வாஸ்தவம். அம்மாமார்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளை வைத்து நடத்தி 2003-ல் வெளியிட்ட பரிசோதனையில், பார்வைக் குறைவு நடுத்தரமாயிருந்தவர்களுக்குத் தினம் 2 மணி நேரம் மறைத்ததும் 6 மணி நேரம் மறைத்ததும் நான்கு மாதத்தில் ஒரே அளவு பலன் தந்தன. மறைப்புக்குப் பதில் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விடுவதும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 2002-ல் கண்டார்கள். எத்தனை மணி, எந்த மருந்து என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். அவர் சொன்னதைத் தவறாமல் செய்வது வீட்டாரின் பொறுப்பு.

மூன்றாவது, ரண சிகிச்சை. பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே விழி மிகுதியாக உள்ளே திரும்பி நிலைத்துவிட்டால் பெரும்பாலும் இதுவே வழி. கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்துத் திருப்பி மாட்டுவார்கள் என்று நம்மவர்கள் நடுங்குவது வீண் பயம். விழிக்கு வெளியே ஒட்டியுள்ள தசையைத்தான் தொடுகிறார்கள். 1839-ல் பெர்லின் நகரத்து வைத்தியர் டீஃபென்பாக், மயக்க மருந்து ஏற்படாத அந்தக் காலத்தில், ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு உட்புறத் தசையை அறுத்துக் கண்ணை நேராக்கினார். அவ்விதம் வெறுமனே அறுத்துவிட்ட கண்களில் பல பின்னால் வெளிப்புறமாக ஓடிப்போயின. இன்று தசையை அளவிட்டுப் பின்னே நகர்த்தித் தைக்கிறார்கள்.

இதை எந்த வயதில் செய்வது என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1903-ல் இங்கிலாந்தில் கிளாட் வொர்த், இரு கண்களின் காட்சிகளை ஒன்றாக்கும் சக்தி இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு என்றார். சக்தியில்லை என்றால் அவசரமும் இல்லை அல்லவா? லிவர்பூல் நகரத்துச் சவாஸ் 1939-ல் அதை மறுத்து, சக்தி இருக்கிறது, சீக்கிரம் நேராக்கினால் பிழைக்கும் என்றார். ஐரோப்பிய வைத்தியசாலைகள் பல சேர்ந்து இந்த வழக்கை விசாரித்து 2005-ல் பலனை வெளியிட்டன. இரண்டு வயதுக்குள் சிகிச்சை பெற்ற கோஷ்டி ஒன்று. ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெற்ற கோஷ்டி மற்றொன்று. ஆறு வயதில் அவர்களுக்கு ஓர் ஈயின் படத்தைக் காட்டினார்கள். இரு கண்களும் சேர்ந்து வேலை செய்தால் ஈயின் சிறகு காகிதத்தைவிட்டு மேலே எழும்பி நிற்கும். முன்னதாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 13 பேர் அதைக் கண்டார்கள். தாமதித்தவர்களில் சுமார் 4 பேர்தான். மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். முந்திச் செய்தவர்களில் மறுமுறை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சற்று அதிகம். காத்திருந்தவர்களில் சிலருக்குக் கோணல் தானே குறைந்து கத்தியே வேண்டாததாயிற்று. ஆகையால் எந்தக் குழந்தைக்கு எப்போது என்பதை, பலமுறை அளந்து பார்த்த வைத்தியர்தான் சொல்ல முடியும். அவர் அளக்க வேண்டுமானால் குழந்தை அவரிடம் போயிருக்க வேண்டும்!

கண் நேராகிவிட்டதென்று கற்பூரம் ஏற்றிவிட்டு நின்றுவிடுவதும் சரியல்ல. நேரான கண்ணுக்கும் பார்வை குறைவாயிருக்கலாம். கண்ணாடியும் மறைப்பும் தொடரலாம். சில வருஷங்கள் வரை போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

நம் சமூகத்தில் நடப்பது என்ன? இரண்டு வயதில் அதிர்ஷ்டமாயிருந்த கண், பெண்ணுக்கு இருபது வயதானதும் திடீரென்று துரதிர்ஷ்டம் ஆகிவிடுகிறது. பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்றதும் வைத்தியரைத் தேடி ஓடுகிறார்கள். அந்த வயதிலும் கண்ணை நேராக்கலாம். தலைநிமிர்ந்து நடக்க அது உதவும். அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வருஷம் உறங்கிய பார்வை அப்போது முழுவதும் எழுந்து வருவது அரிது. மாப்பிள்ளைக்காகச் செய்த சிகிச்சையைப் பெண்ணுக்காகவே முன்னால் செய்திருக்கலாகாதா? ஏழு வயது தாண்டிய குழந்தையைப் பெற்றவர்களும் கைவிட்டுவிட வேண்டாம். ஏழு முதல் பன்னிரண்டு வயதுள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடியோடு மறைப்பும் மருந்தும் சேர்ந்து ஓரளவு பலன் அளித்ததாக 2005-ல் மற்றொரு பரிசோதனை காட்டியது.

நமது சர்க்கார் 1976-ல் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தையும், 2013-ல் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வைத்தியக் குழுக்களை அனுப்பும் திட்டத்தையும் ஆரம்பித்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. முதல் வகுப்புப் பெஞ்சியில் குழந்தை வந்து உட்காருவதற்குள், கண்ணுக்குப் பாடம் சொல்லும் வருஷங்களில் முக்கியமானவை கழிந்துபோய்விடுகின்றன. அந்தப் பாடசாலைக்கு உபாத்தியாயர்கள் தாயும் தகப்பனும் பாட்டியுந்தான். அடுத்த முறை பேரனைத் தூக்கிக்கொண்டு பாட்டி கோயிலுக்குப் புறப்படும்போது, வழியில் கண் வைத்தியசாலைக்கும் ஒரு நடை போய்வரட்டும். சுவாமி நிச்சயம் கோபித்துக்கொள்ள மாட்டார்.