குற்றாலத்தைவிட 30 மடங்கு உயரம்... ஆனால் அருவி இல்லை!

சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவியில் முண்டியடித்து இடம் பிடிப்பவர்கள், முதுகுக்குப் பின்னால் நிற்கும் பாறையைப் பார்ப்பதே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் போதும்! சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருந்து நேராக விழுந்தால் எந்தத் தலை தாங்கும்? நடுவில் 'பொங்குமாங்கடல்' என்ற பள்ளம் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் கீழே அனுப்புகிறது.

இதைவிடப் பெரிய பாறைச் சுவர்கள், சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன் கிரகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் டிஸ்கவரி. கேப்டன் குக்கின் கப்பல் பெயர் அது. (அங்குள்ள பாறைச் சுவர்களுக்கெல்லாம் கப்பல் பெயர்தான் வைக்கிறார்கள், கடலே இல்லாத ஊரில்!) நீளம் சுமார் 650 கி.மீ. செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, இரவெல்லாம் தூங்கி, காலையில் சென்னையில் இறங்குகிற தூரம். உயரம் சில இடங்களில் 2 கி.மீ. வரை.

எப்படி வந்தது இந்தச் சுவர்? புதனின் உட்பகுதி சூடு ஆற ஆற, கிரகமே சுருங்கியது. சுண்டைக்காய் வற்றல் வெயிலில் காயும்போது தோல் சுருங்குமே, அந்தக் கதைதான். ஆனால் பாறைக்கு வற்றல் தோல் மாதிரி மடங்கத் தெரியாது. அது உடைந்து, ஒரு பாளம் பக்கத்துப் பாளத்தின் மேல் ஏறிக்கொண்டது. 1974-ல் மரைனர் 10 விண்கலம் இவற்றைப் படம் பிடித்தது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் தந்த கணக்குப்படி, புதனின் ஆரம் 7 கி.மீ. வரை குறைந்திருக்கிறது.

அங்கே மழையும் இல்லை, ஆறும் இல்லை. அதனால் அந்தச் சுவர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாகத் தேயாமல் நிற்கின்றன. 50 கோடி வயதைத் தாண்டிய நம் குற்றாலப் பாறைக்கு அந்த நிம்மதி கிடையாது. மேகம் மலையில் மோதும், மழை கொட்டும், தண்ணீர் பாறையை அறுத்துக்கொண்டே இறங்கும்.

சிக்கலும் அங்கேதான். அருவிக்குக் கீழே நிற்பவருக்கு, மேலே காட்டில் பெய்கிற மழை தெரியாது. பாறை மறைத்துவிடும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். துண்டு போனால் கடைத்தெருவில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.