மாலை வகுப்பும் நமது கடமையும்

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதிகம் இழந்தவர்கள் யார்? செல்போனில் பாடம் கேட்க வசதியற்ற உழைப்பாளி மக்களின் பிள்ளைகளே!

அந்த இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தமிழக அரசு துவக்கியது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே மாலை வகுப்புகள் நடந்தன. கதையும் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஒருநாள் வாய்விட்டுப் படிக்கிறது. சொல்லிக் கொடுத்தவருக்கு அதைவிட மகிழ்ச்சி ஏது? படித்துவிட்டு வீட்டோடு முடங்கிய பெண்ணுக்குத் தெருவில் தனி மதிப்பு ஏற்படுகிறது. இது சாமானிய விஷயமல்ல.

ஆனால், மனநிறைவு உலையில் வேகுமா? அவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்! சேவை என்று புகழ்ந்துவிட்டு உழைப்பை மலிவாகப் பெறுவது நியாயமல்ல. கற்பிப்பவருக்குத் தக்க ஊதியம் தரவேண்டியது அரசின் பொறுப்பு.

நமக்கும் பொறுப்புண்டு. மாலையில் சங்க அலுவலகம் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்? ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் போதும். கதவைத் திறப்போம்! நம் பிள்ளைகள் உள்ளே வரட்டும்!