கருவியும் நம் கைவேலையே

கம்பம் பள்ளத்தாக்கில் படப்பிடிப்பு என்றால் வெளியூர் வண்டிகள் வரிசையாக வந்து நிற்பதும், நம் பிள்ளைகள் கயிற்றுக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பதுமே நெடுநாளைய வழக்கம். இன்றோ மாணவர் கைகளிலேயே படம்பிடிக்கும் கைப்பேசி உள்ளது. ஆயினும், குறும்படம் எடுக்க விழையும் மாணவர் முதலில் கேட்பது, "மதுரையில் கருவிகளுக்கு நாள் வாடகை எவ்வளவு?" என்பதுதான். என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்க வேண்டிய இடத்தில் வாடகையைக் கேட்பது முறையன்று என்று நாம் கருதுகின்றோம்.

மராட்டிய மாநிலத்து மாலேகாவ் விசைத்தறி நகரம். அங்கு வீடியோ அரங்கு நடத்திவந்த நாசிர் ஷேக், தம் ஊர் மக்களையே நடிகராக்கி 2000-ஆம் ஆண்டில் 'மாலேகாவ் கே ஷோலே'யை எடுத்தார். தண்டவாளம் பதித்த தள்ளுவண்டிக்கு மாற்றாக மிதிவண்டியையும், உயரத்தினின்று எடுக்கும் கிரேனுக்கு மாற்றாக மாட்டுவண்டியையும் பயன்படுத்தியவர்கள் அவ்வூரார். பச்சைத் துணியின் முன் ஒரு தறித் தொழிலாளியைப் பறக்கவிட்டுச் சூப்பர்மேன் படமும் எடுத்தனர். அதனை எடுத்த கதையை ஃபைஸா அகமது கான் 2008-இல் ஆவணப்படமாக்கினார். அவர்கள் வாழ்க்கையைத் தழுவிய இந்தித் திரைப்படம் 2025-இல் திரையரங்குகளுக்கும் வந்தது. ஏழைத் தொழிலாளர் மிகுந்த, முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் ஓர் ஊர்க்குக் கைகூடியது நமக்குக் கைகூடாதா?

இது வறியோர் வழி மட்டுமன்று. 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் கல்கத்தாவில் காசி வீட்டு முற்றத்தை அமைத்தபோது, சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மீது விளக்கொளியைப் பட்டுத் திரும்பச் செய்து வானத்து வெளிச்சத்தை வருவித்தார். 1960-இல் வெளிவந்த தம் படத்திற்காகப் பிரான்சின் கொதார், ஒளிப்பதிவாளரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். தேனி அல்லிநகரம் தந்த பாரதிராஜாவும் '16 வயதினிலே' (1977) படத்தில், மெதுவசைவுக்குரிய படக்கருவிக்குப் பணம் போதாமையால் ஸ்ரீதேவியையே மெல்ல ஓடச் செய்தார் என்பர்.

நம் பள்ளத்தாக்கில் என்ன இல்லை? சொட்டுநீர்ப் பாசனத்தின் புண்ணியத்தில் ஊருக்கு ஊர் குழாய்க் கடை உண்டு. இரு பிவிசி குழாய்களை இணையாகக் கிடத்தி, பலகையின் அடியில் சாய்வாகப் பொருத்திய சிறு சக்கரங்களை அவற்றின்மேல் உருட்டினால் நகரும் காட்சி கிடைத்துவிடும். கைப்பேசியைப் பிடிக்கும் கவ்வியின் அடித்துளையில் கால் அங்குலத் திருகாணி ஒன்றை முடுக்கி, அதில் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கை நடுக்கம் பெருமளவு அடங்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர் விலைதான்! தென்னந்தோப்பில் முகத்தின்மீது புள்ளி புள்ளியாக வெயில் விழுமாயின், தலைக்கு மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். சுப்ரதோ மித்ரா செய்ததற்கு அது உறவு. எதிர்ப்பக்கத்து நிழலைப் போக்க ஒரு தெர்மக்கோல் அட்டை போதும்.

காற்றுதான் நம்மவர்க்குப் பெருந்தொல்லை. ஆனி, ஆடியில் மலையிறங்கி வரும் காற்று ஒலிவாங்கியில் இடிபோல் முழங்கும். பஞ்சுறையின் மேல் பொம்மை தைக்கும் நீள்மயிர்த் துணியைப் போர்த்தி, மூங்கில் கழியின் நுனியில் ரப்பர் வளையங்களால் தொங்கவிட்டு, பேசுவோரின் தலைக்கு மேல் நீட்டுதல் வேண்டும். ஒலிவாங்கியை மட்டும் விலை கொடுத்து வாங்குக. படம் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுப்பர். பேச்சு கேளாவிடில் எழுந்து போய்விடுவர்.

மின்சாரத்தில் கைவேலை வேண்டா. பல்புகளை ஒட்டுக்கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது சிக்கனமன்று, விபத்தை அழைப்பது. மலிவான எல்இடி விளக்குகள் படத்தில் சிமிட்டுமாயின், நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்பதை நினைவிற்கொண்டு, கருவியின் திறப்பு நேரத்தை நொடியின் 50-இல் ஒரு பங்காக வைத்துக்கொள்க.

பெரியோர் சிலர், படம்பிடித்தலே நமக்கு ஆகாது என்பர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. திரையில் வருவதில் பெரும்பகுதி அவர்கள் அஞ்சுவதற்கு உரியதே. ஆனால் இருட்டறையும் சிறு துளையும் கொண்டு ஒளியின் இயல்பை 11-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைத்தம் அன்றோ? மேலும், நம் திருமண வீடுகளில் வீடியோக்காரருக்குத்தான் முதல் பந்தி! விருந்தைப் பதிவதற்குத் தடை இல்லையெனில், வாழ்ந்து முடித்தோரின் சொல்லைப் பதிவதற்குத் தடை எதற்கு?

நம் கவலை அதுவே. ஏலமலைக்குத் தலைச்சுமையோடு ஏறி இறங்கியோர் வாழ்க்கையை லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல் காட்டியது. அவ்வாழ்க்கையை வாழ்ந்த முதியோர் நம் தெருக்களில் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் வட்டார வழக்கும், பெரியாற்று நீரை நம்பிய வயல்களின் கதையும், ராவுத்தர் வீடுகளின் பழஞ்சொற்களும் அவர்களோடு போகின்றன. வாடகைக்குப் பணம் சேரும்வரை அவர்கள் காத்திருப்பரா?

தமிழ்த்துறைகள் இதனைக் கையில் எடுத்தல் வேண்டும். மூங்கில் கழி, வேட்டி, குழாய், ஒரு நல்ல ஒலிவாங்கி ஆகியவற்றைத் துறைப் பேழையில் வைத்து மாணவர்க்கு இரவல் தரலாம். முதற்பயிற்சியாக, காற்று ஓய்ந்த விடியற்பொழுதில், தம் பாட்டனாரையோ பாட்டியாரையோ வீட்டுத் திண்ணையில் அமர்த்திப் பத்து நிமிடம் பேசவிட்டு, ஒரு சொல்லும் சிதையாமல் பதிந்துவரச் செய்யலாம்.