பட்டத்திற்குப் பின்னும் படிப்பா?

“டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, இன்னும் என்ன படிப்பு? எப்போது வேலைக்குப் போவான்?”

காடாம்புலியூர்த் தேநீர்க் கடையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கணிப்பொறி வழியே புரதங்களை ஆராயும் முதுமுனைவர் ஆய்வாளர். முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. விடை சொல்லும் கடமை படித்த நமக்கு உண்டல்லவா?

விடைக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். 1952-இல் நம் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1976-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற பின், உயிரியல் கற்க மீண்டும் மாணவராக அமர்ந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் முதுமுனைவர் ஆய்வாளரானார். உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் பட்டறையான ரைபோசோமை ஆராயத் தொடங்கியது அங்கேதான். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின், 2009-இல், அதே ரைபோசோமுக்காக வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். “இன்னும் என்ன படிப்பு?” என்று அவரை யாரேனும் பாதியில் நிறுத்தியிருந்தால்?

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மாலை எப்படி மடிகிறதோ அப்படியே அதன் வேலையும் அமையும். நம் முழங்கை பின்பக்கம் மடங்காததுபோல், இம்மாலையும் எல்லாக் கோணங்களிலும் மடங்காது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எவ்வெக் கோணங்கள் இயலும் என்று 1963-இல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கும் உரைகல். புரதக் கணக்கு நமக்குப் புதிதன்று, நண்பர்களே!

“இப்போதுதான் கணிப்பொறியே வடிவத்தைச் சொல்லிவிடுகிறதே, ஆய்வாளர் எதற்கு?” எனலாம். உண்மைதான், ஆல்ஃபாஃபோல்டு என்னும் மென்பொருள் இருபது கோடிப் புரதங்களுக்கு மேல் வடிவம் கணித்துள்ளது. அதை உருவாக்கியோர் 2024-இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் அது பாடம் கற்றது எதிலிருந்து? 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், ஆய்வாளர்கள் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த வடிவங்களிலிருந்து! இன்னும், வடிவம் தெரிந்தால் மட்டும் போதாது. புரதம் எப்படி அசைகிறது, மருந்து எங்கே ஒட்டுகிறது என்பவற்றை ஆராய மனிதர் வேண்டும்.

அந்த மனிதருக்குச் சோறும் வேண்டும். ஓரிரு ஆண்டுக்கே உதவித்தொகை. அதன்பின் என்ன என்னும் கவலை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம். எங்கள் தெருப் பிள்ளை எத்தனை நாள் காத்திருப்பான்? திறமையிருந்தும் வறுமையால் அவன் விலகினால் இழப்பு நாட்டுக்கே. உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் வரவேண்டும், காலமும் நீளவேண்டும். முதுமுனைவர் ஆய்வாளர்களை நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு அழைத்துப் பேசவைக்க வேண்டும். புரதத் தரவு வங்கி எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பலாக்கொட்டையை ஊன்றிவிட்டு மூன்றாம் ஆண்டே பழம் காணோமென்று மரத்தை வெட்டுவோர் எங்கள் ஊரில் இல்லை. தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறோம். மரத்துக்குக் காட்டும் பொறுமையை மனிதனுக்குக் காட்டக் கூடாதா?