"வாக்கிங் போங்க" என்பது மருந்துச் சீட்டு அல்ல

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் சுகர், பிரஷர் இருப்பவர் யாராவது இருந்தால் கடைசி வரை படிங்க. நிறைய திட்டு இருக்கு. முதல் திட்டு எனக்கே.

2/
பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலைப்பாதை திறந்தால் எனக்குள்ளே ஒரு பயம் தொத்திக்கும். மே மாசம் முடியறதுக்குள்ள "மலை ஏறிய பக்தர் மூச்சுத் திணறி உயிரிழப்பு" என்ற செய்தி எத்தனை தடவை வருமோ என்று. 2024 சீசனில் அடுத்தடுத்து பல பேர் இறந்தார்கள். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

3/
என்னிடம் வரும் ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்றேன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) 54 வயசு, விசைத்தறி வேலை, சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் சொல்வது, "வாக்கிங் போங்கண்ணா". அவர் சொல்வது, "சரிங்க டாக்டர்".

4/
ஒரு நாள் ராத்திரி நண்பர்களோடு ஏழு மலையும் ஏறக் கிளம்பிட்டார். மூணாவது மலையில் நெஞ்சு இறுக்கம். "மொதத் தடவை அப்படித்தான் இருக்கும், தம் கட்டி ஏறு"ன்னு கூட வந்தவங்க தைரியம் சொல்லியிருக்காங்க. நல்லவேளை, அவர் ஏறலை. உட்கார்ந்தார், இறக்கிக் கொண்டு வந்தாங்க. மாரடைப்பு. ஸ்டென்ட் வெச்சு, பிழைச்சுக்கிட்டார்.

5/
அப்புறம் என்னைப் பார்க்க வந்தப்போ கேட்டார்: "ஏனுங்க டாக்டர், நடக்கோணும் நடக்கோணும்னு சொன்னீங்க. எவ்வளவு, எப்படின்னு ஒரு நாளும் சொல்லவே இல்லீங்களே?"

என்னிடம் பதில் இல்லை.

6/
மெட்ஃபார்மின் எழுதும்போது நான் என்ன எழுதறேன்? 500 மில்லிகிராம், காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பின். வெறும் "மாத்திரை சாப்பிடுங்க"ன்னு எழுதிக் கொடுத்தா நீங்க என்னை டாக்டர்னு மதிப்பீங்களா? நடைக்கு மட்டும் நாங்க அப்படித்தான் எழுதிக்கிட்டு இருக்கோம். "ஓபியில் கூட்டம், நேரமில்லை"ன்னு சொல்வோம். அளவை எழுத ஒரு வரி போதும். அது சாக்கு.

7/
நாங்க விட்ட இடத்தில் ஒரு வியாபாரம் வந்து உட்கார்ந்துக்கிச்சு. கார்டியோ, கோர், ரெப், செட், எச்ஐஐடி... இந்த வார்த்தைகளைக் கேட்டு மிரளும் ஆளிடம்தான் ஆறு மாசப் பேக்கேஜும் பவுடர் டப்பாவும் சுலபமா விற்கும். நல்ல பயிற்சியாளர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர் இருக்காங்க. அவங்க விளக்கிச் சொல்வாங்க. மிரட்ட மாட்டாங்க.

இனி ஒவ்வொரு வார்த்தையா பிரிச்சுப் பார்க்கலாம்.

8/ தீவிரம் (இன்டென்சிட்டி)
எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்றீங்க என்பது. வாட்ச் வேண்டாம், வாய் போதும். நடக்கும்போது பேச முடியுது, ஆனா பாட்டுப் பாட முடியலையா? அது மிதமான தீவிரம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதா? அது கடும் தீவிரம். பாட்டே பாடலாம்னா அது உலாத்தல்.

காலையில் ரேஸ் கோர்ஸில் பாருங்க. நாலு பேர் கைகோர்க்காத குறையா, சைட் விலை பேசிக்கிட்டு, ரெண்டரைக் கிலோமீட்டரை ஊர்வலமா சுத்தி முடிச்சு நேரா காபிக்குப் போறாங்க. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். ஆனா அதை வெச்சுக்கிட்டு "டெய்லி வாக்கிங் போறேன், சுகர் குறையலீங்க"ன்னு என்னிடம் வராதீங்க.

9/ அளவு
உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. அதோடு வாரத்தில் ரெண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி. நம்ம கணக்கில் தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள். சேர்ந்தாப்ல முடியலைன்னா பத்துப் பத்து நிமிஷமா பிரிச்சுக்கலாம்.

அப்ப 10,000 அடி? அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர், "மான்போ-கெய்". பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விளம்பரத்துக்காக வெச்ச எண். நடக்கலாம், நல்லதுதான். 6,000தான் முடிஞ்சுதுன்னு மனசு உடைஞ்சு நிறுத்திடாதீங்க.

10/ "நாள் பூரா தறியில நிக்கறேனுங்க, அதுக்கு மேல எதுக்குங்க எக்சர்சைஸ்?"
நியாயமான கேள்வி. உழைப்பைக் கேவலமாப் பேசும் ஃபிட்னஸ் ஆட்களோடு எனக்குச் சண்டையே உண்டு. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. ஆக, வேலையும் கணக்கில் வரும்.

ஆனா அந்தக் கண்டக்டர் படி ஏறினார். நிற்பது வேறு, அசைவது வேறு. தையல் மெஷினில் குனிஞ்சே எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்துதான் உழைக்குது, இதயம் உழைக்கலை. உங்க வேலையை மேலே சொன்ன பேச்சுச் சோதனையில் வெச்சுப் பாருங்க. மூச்சு கொஞ்சமாவது ஏறுதா? ஏறினா கணக்கில் சேர்த்துக்குங்க.

11/ பெண்களுக்கு
2024இல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்த ஆய்வின்படி, 2022இல் இந்தியப் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போதுமான உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. வீட்டு வேலை எல்லாம் முடிச்சு, தனக்குன்னு அரை மணி நேரம் வெளியே போக அம்மாவுக்கு யார் நேரம் கொடுக்கறாங்க? ரேஸ் கோர்ஸுக்குக் கிளம்பும் அண்ணன்மார், காலை டிபன் வேலையில் பாதியை எடுத்துக்கிட்டு அவங்களையும் அனுப்புங்க.

12/ வார்ம் அப், கூல் டவுன்
வண்டியை ஸ்டார்ட் பண்ணின உடனே டாப் கியர் போடுவீங்களா? முதல் 5-10 நிமிஷம் மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்குவது வார்ம் அப். முடிக்கும்போது படிப்படியா வேகம் குறைப்பது கூல் டவுன். வேகமா ஓடிட்டு டக்குன்னு நின்னா ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுத்தும்.

13/ கார்டியோ, எச்ஐஐடி
இதயமும் நுரையீரலும் தொடர்ந்து வேலை செய்யும் பயிற்சி கார்டியோ. ஏரோபிக்னும் சொல்வாங்க. வேக நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் சேர்த்தி. நம்ம வள்ளி கும்மி மாதிரி ஒரு கார்டியோ வேறெங்க கிடைக்கும்? குதிச்சு, குனிஞ்சு, கை தட்டி, ஒரு பாட்டுக்கு வேகம் ஏறி அடுத்ததில் இறங்கும். இப்படி வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி ஏற்றி இறக்கினா அதுக்குப் பேர்தான் எச்ஐஐடி. முதல் மாசமே அதில் குதிக்காதீங்க.

14/ ரெப், செட்
ஒரு அசைவை ஒரு முறை செய்தால் ஒரு ரெப். தொடர்ச்சியா பத்து ரெப் செஞ்சு ஓய்வெடுத்தா ஒரு செட். அவ்வளவுதாங்க ரகசியம்.
நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திரிங்க, 10 ரெப். ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி 10. ரெண்டு செட் ஆச்சு. இதுவே ஸ்குவாட்டின் முதல் பாடம். தசை வலுவானால் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடம் கூடும். வயசானவங்க விழுவதும் குறையும். "வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிருவேனா"ன்னு பயப்படும் அம்மணிகளே, அப்படி ஆகாது.

15/ புரோகிரசிவ் ஓவர்லோடு
இந்தத் த்ரெட்டில் உயிரைக் காப்பாற்றும் வார்த்தை இதுதான். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவது. இந்த வாரம் 20 நிமிஷம், அடுத்த வாரம் 25. சமதளம் பழகின பின் மேடு. மேடு பழகின பின் மருதமலைப் படி. அதுவும் பழகி, டாக்டரும் சரின்னு சொன்ன பின் ஏழு மலை. வருஷம் பூரா அசையாத உடம்பை ஒரே ராத்திரியில் ஏழு மலை ஏற்றுவதைப் பக்தின்னு நான் சொல்ல மாட்டேன். சாமி அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

16/ வலி
புதுசா பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை, கெண்டைக்கால் தசையில் வலி வரும். தொட்டா வலிக்கும், மூணு நாலு நாளில் போயிடும். அது சகஜம்.
நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, அளவுக்கு மீறின மூச்சு வாங்கல், மயக்கம்: இது தசை வலி இல்லை. அங்கேயே நில்லுங்க, உட்காருங்க, 108 கூப்பிடுங்க. சுகர் உள்ளவங்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமலும் போகலாம். "வலி இல்லாம பலன் இல்லை"ன்னு போஸ்டர் ஒட்டும் ஆள் உங்க ஈசிஜியைப் பார்த்ததில்லை.

17/ வியர்வையும் தொப்பையும்
வியர்வை தண்ணீர், கொழுப்பு இல்லை. வயிற்றில் பெல்ட் கட்டி வியர்த்தா ரெண்டு சொம்புத் தண்ணியில் எடை திரும்பிடும். வயிற்றுப் பயிற்சி மட்டும் செஞ்சு வயிறு மட்டும் கரையாது. 1971இல் டென்னிஸ் வீரர்களின் ரெண்டு கையையும் அளந்து பார்த்தாங்க. ஆடும் கையில் தசை அதிகம், ஆனா தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு ரெண்டு கையிலும் ஒரே மாதிரி.

18/ பவுடர்
தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். அதே நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்லுது. முட்டை, பருப்பு, தயிர், கொள்ளு இருக்கு. கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் தொடவே வேண்டாம்.

19/
மெதுவா நடக்க ஆரம்பிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனா இதய நோய், நெஞ்சு வலி, அடிக்கடி மயக்கம், கட்டுப்படாத பிரஷர் அல்லது சுகர் இருந்தா, கடும் பயிற்சிக்கும் மலைக்கும் முன்னாடி டாக்டரைப் பாருங்க.

20/
அடுத்த தடவை எந்த டாக்டராவது "வாக்கிங் போங்க"ன்னு சொன்னா எழுந்து வராதீங்க. நாலு கேள்வி கேளுங்க: வாரம் எத்தனை நாள்? எவ்வளவு நேரம்? எவ்வளவு வேகம்? என்ன வகை? சீட்டில் எழுதச் சொல்லுங்க. கோபப்பட்டா இந்தத் த்ரெட்டைக் காட்டுங்க, நான் திட்டு வாங்கிக்கறேன்.

21/
அந்த அண்ணன் இப்ப இதய மருத்துவர் ஒப்புதலோடு வாரம் 5 நாள், 30 நிமிஷம், பேச முடியும் பாட முடியாத வேகத்தில் நடக்கறார். மாத்திரைக்குக் கீழேயே அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன். போன வாரம் வந்தப்போ, "மலைக்கு எப்பங்க?"ன்னு கேட்டார். "மொதல்ல மருதமலை, அதுவும் நான் சொல்லும்போது"ன்னு சொல்லியிருக்கேன். சிரிச்சுக்கிட்டே போனார்.