கரைக்கு வரும் இரண்டாவது லொறி

உடப்புக் கரையில் கரைவலை இழுத்து முடியும் நேரத்துக்கு மீன் லொறி வந்து நிற்கும். ஒரே லொறி வந்த நாளில் நெத்தலிக்கு அந்த முதலாளி சொன்னதுதான் விலை. இன்னொன்றும் வந்துவிட்டால், அதற்கு ஒரு கிலோகூடக் கொடுக்காவிட்டாலும், முதலில் வந்தவரின் பேச்சு மாறிவிடும். வலைக்கும் என்ஜினுக்கும் முற்பணம் வாங்கியவருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. எத்தனை லொறி வந்தாலும் கடன் தந்தவருக்கே அவர் மீனைக் கொடுக்க வேண்டும்.

போனுக்குச் செயலி செய்து விற்கும் நம் பிள்ளைகளின் நிலையும் இன்று இதுதான். இத்தனைக்கும் இவர்கள் யாரிடமும் முற்பணம் வாங்கவில்லை. நம் நாட்டில் ஐபோனுக்கு அப்பிளின் கடையை விட்டால் வேறு கடை கிடையாது. அன்ட்ரொய்டில் வேறு வழி உண்டு. ஆனால் சனம் தேடிப் போவது கூகுள் பிளேக்குத்தான். மீன், உடுப்பு விற்றால் இந்தக் கடைகள் கழிவு எடுப்பதில்லை. பாடம், விளையாட்டு, சந்தா என்றால் 15 முதல் 30 வீதம்வரை எடுத்துக்கொள்ளும். புத்தளத்தில் ஓர் ஆசிரியர் சாதாரண தரப் பாடங்களை மாதம் 1000 ரூபாய்ச் சந்தாவுக்கு இந்தக் கடைகளில் ஒன்றில் விற்றால், குறைந்தது 150 ரூபாய் அங்கேயே போய்விடும்.

கழிவைக் கட்ட மறுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி, நம் வீடுகளிலும் வரன் தேடப் பயன்படும் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து தூக்கியது. இந்திய அரசு தலையிட்ட பிறகுதான் அவை திரும்பி வந்தன. அங்கே 2022இலேயே போட்டி ஆணையம் கூகுளுக்கு இரண்டு தீர்ப்புகளில் 2,200 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்திருந்தது. அப்படியிருந்தும் இந்த நிலை.

வேறு கடைகளுக்குக் கதவைத் திறந்தால் கள்ளனும் வருவான் என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. கற்பிட்டியில் ஒரு போன் கடையில் ஒரு தாய் தன் போனை நீட்டினார். வங்கிச் சின்னத்தோடு வட்ஸ்அப்பில் வந்த கோப்பை அழுத்தியிருக்கிறார். போன் எச்சரித்துத்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில். விளங்காமல் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டார். கடைப் பையன் முதல் வேலையாக இணைய இணைப்பைத் துண்டித்தான். அந்தத் தாய்க்கு வேண்டியது தமிழில் ஒரு தெளிவான எச்சரிக்கையும், எந்தக் கடையிலிருந்து வந்தாலும் செயலியைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடும். சோதனைக்குச் செலவாகும்; அதற்கு ஒரு கட்டணம் வாங்கட்டும். ஒவ்வொரு விற்பனையிலும், ஒவ்வொரு மாதமும் பங்கு கேட்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணமே அல்ல.

இந்தக் கடைகளின் பிடியைத் தளர்த்தத் தென்கொரியா 2021இல் சட்டம் செய்தது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஐபோனில் வேறு கடைகளுக்கு வழிவிடச் செய்தது. விளையாட்டுச் செயலிகள் செய்யும் எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க ஜூரி 2023 டிசம்பரில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த வெற்றிகளின் பலன் தானாக நம் கரைக்கு வந்து சேராது. நம்மிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். போட்டிக்கு எதிரான நடத்தையை விசாரிக்க அதில் இடமுண்டு. ஆனால் அது எழுதப்பட்டபோது ஐபோனே வந்திருக்கவில்லை.

புத்தளம் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிறேன்: இந்தச் சட்டத்தைத் திருத்தும் கேள்வியைச் சபையில் எழுப்புங்கள். செயலி செய்யும் பிள்ளைகளே, உங்கள் வருமானத்தில் எவ்வளவு கழிவாகப் போகிறது என்ற கணக்கை எழுதி அவர்களிடம் கொடுங்கள்.